லினக்ஸ் மடிக்கணினிக்கு மோடம் தேடி அலைந்த நான்கு மாதங்கள்

என் மேசை இழுப்பறையில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு இணைக்கிற மோடம்கள் இரண்டு கிடக்கின்றன. ஒன்றை 1,100 ரூபாய்க்கும் மற்றொன்றை 850 ரூபாய்க்கும் வாங்கினேன். இரண்டும் பழுதானவை அல்ல. ஒன்றுக்கு அதன் வால் போன்ற இணைப்புக் கம்பி கிடைத்தால் போதும், மற்றொன்றை அந்தக் காலத்து விண்டோஸ் உள்ள கணினியில் செருகினால் போதும், ஓடும். என்னிடம் இருப்பது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள பழைய மடிக்கணினி என்பதால் இரண்டும் எனக்குப் பயன்படவில்லை. 2006 ஜூன் தொடங்கி அக்டோபர் வரை, அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே அலைந்து, பணத்தையும் கைவசம் இருந்த வேலையையும் இழந்த பிறகே எனக்கு ஒன்று விளங்கியது. மோடம் வாங்கப் போகிறவர் “இது லினக்ஸில் ஓடுமா?” என்று கேட்பதால் பயனில்லை. கடைக்காரர் ஓடும் என்றுதான் சொல்வார். “இந்த மோடத்தின் மூளை இதற்குள்ளேயே இருக்கிறதா, அல்லது என் கணினியின் மூளையைக் கடன் வாங்குகிறதா?” என்று கேட்க வேண்டும். கடைக்காரருக்கு அதற்கு விடை தெரியாவிட்டால், நாமே கண்டுபிடிக்கும் வழிகள் இருக்கின்றன. அவற்றை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் மருந்துக் குறிப்புகளையும் அரசு விளம்பரங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவள். கணவருக்கு மும்பையில் வேலை; நானும் மாமியாரும் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறோம். வேலை சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வரும், முடித்து மின்னஞ்சலிலேயே அனுப்ப வேண்டும். எங்கள் தெருவுக்கு அப்போது பிராட்பேண்ட் இணைப்பு கிடைத்திருக்கவில்லை. தொலைபேசி வழியாக டயல் செய்துதான் இணையத்துக்குப் போக முடிந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு வைரஸ் புகுந்து, விண்டோஸையும் பாதி முடித்து வைத்திருந்த ஒரு கையேட்டையும் அழித்துவிட்டது. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், தபாலில் இலவசமாக வரவழைத்து வைத்திருந்த உபுண்டு என்ற லினக்ஸ் குறுந்தகட்டைப் போட்டு, “இனிமே வைரஸ் தொல்லையே கெடையாது அத்தை” என்று சொல்லிவிட்டு இரவு பெங்களூரு பஸ் ஏறிவிட்டான். அவன் சொன்னது உண்மைதான், வைரஸ் வரவில்லை. ஆனால் இணையமும் வரவில்லை. தமிழ் எழுத்து வந்தது, அச்சுப்பொறி வேலை செய்தது, பாட்டுக்கூடப் பாடியது. டயல் செய்யப் போனால் மட்டும் மோடம் எதுவும் இல்லை என்று வந்து நின்றது. மடிக்கணினியின் பக்கவாட்டில் தொலைபேசிக் கம்பி செருகும் துளை கண்ணெதிரே இருக்க, மோடமே இல்லை என்று ஒரு இயந்திரம் சொன்னதை அன்றைக்கு என்னால் நம்ப முடியவில்லை.

அந்தத் துளைக்குப் பின்னால் இருந்தது ஏறக்குறைய தீப்பெட்டி அளவுள்ள ஒரு சின்ன அட்டை. அதில் தொலைபேசிக் கம்பியின் மின்னோட்டத்தை எண்களாக மாற்றித் தருகிற பகுதி மட்டுமே உண்டு. அந்த எண்களைச் செய்தியாகப் புரிந்துகொள்வது, எதிர்முனையோடு வேகம் பேசுவது, பிழை திருத்துவது ஆகிய மற்ற வேலை முழுவதையும் கணினியின் செயலியே செய்ய வேண்டும். அதைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிற, டிரைவர் என்கிற மென்பொருளை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதினார்கள். அதனால்தான் இவற்றுக்கு வின்மோடம் என்று பெயர் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். நல்ல தவசுப்பிள்ளை வந்தால் கரண்டி, அண்டா, கையாள் எல்லாம் அவரே கொண்டுவந்துவிடுவார்; நாம் “இருநூறு இலை” என்று சொன்னால் போதும். முழுமையான மோடம் அப்படிப்பட்டது. ஏடி என்று தொடங்கும் சில கட்டளைகளைக் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். கட்டளை கொடுப்பது விண்டோஸா, லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டி போன்ற வேறோர் இயங்குதளமா என்று அது கேட்காது. வின்மோடமோ ஒரு கரண்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, அரைக்கவும் நறுக்கவும் வீட்டுப் பெண்களைத் தேடுகிற சமையல்காரர். அதிலும் அவர் பக்குவம் சொல்கிற மொழி அந்த ஒரு வீட்டாருக்கு மட்டுமே புரியும்.

இந்த விளக்கம் எனக்கு ஆகஸ்டில்தான் கிடைத்தது. ஜூலை முழுவதும் நான் வேறொரு பள்ளத்தில் விழுந்து கிடந்தேன். அண்ணன் மகன் தொலைபேசியில் சொன்னபடி கணினிக்குள் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைக் கொடுத்ததும் திரையில் வந்த பட்டியலில் ஒரு வரி, “இன்டெல் 82801டிபி, ஏசி97 மோடம் கன்ட்ரோலர்” என்று இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவருக்கும் மகிழ்ச்சி. இன்டெல் மோடம் என்றால் இன்டெல் டிரைவர்தானே வேண்டும்? அம்பாசமுத்திரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 25 ரூபாய் கொடுத்து இன்டெல் 537 என்ற மோடத்துக்கான லினக்ஸ் டிரைவரைத் தேடி இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதைக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்ற வேண்டும் என்றது. என் கணினியில் கம்பைலர் நிறுவப்பட்டிருக்கவில்லை. மறுநாள் திரும்பப் போய்க் கம்பைலரை இறக்கினேன். அது இன்னும் நான்கு மென்பொருள் பொதிகளைக் கேட்டது. அதற்கடுத்த நாள் அந்த நான்கையும் கொண்டுவந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் வேண்டும் என்றது. கொண்டுவந்த ஹெடரின் பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் என் கெர்னலோடு பொருந்தவில்லை. இப்படியே பதினேழு நாள் போயிற்று. எல்லாம் சரியாகி டிரைவர் ஏறிய பிறகு, மோடம் இல்லை என்ற அதே வரி மறுபடியும் வந்தது.

அந்த வரியில் இருந்த இன்டெல் என்பது மோடத்தின் பெயரே அன்று. தாய்ப்பலகையில் ஒலி, மோடம் இரண்டுக்கும் பாதை போட்டுக் கொடுக்கிற சில்லு அது. தெருவின் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் குடியிருக்கிற, மின்னோட்டத்தை எண்களாக மாற்றும் கோடெக் சில்லு கோனெக்சன்ட், அகீர், சிலிக்கான் லேப்ஸ் என்று யாருடையதாகவும் இருக்கலாம், டிரைவர் அந்தக் குடியிருப்பாளருக்கு உரியதாக இருக்க வேண்டும். நான் தெருவுக்கு விலாசம் எழுதிவிட்டு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எனவே மடிக்கணினியின் உள்மோடத்தோடு மல்லுக்கட்ட நினைப்பவர்கள் எல்எஸ்பிசிஐ காட்டும் பெயரோடு நின்றுவிடக் கூடாது. ஸ்கேன்மோடம் என்றொரு சிறிய நிரல் இருக்கிறது. ஒரு ஃப்ளாப்பியிலேயே அடங்கிவிடும். அதை ஓட்டினால் கோடெக்கின் அடையாளத்தைத் துருவி எடுத்து, எந்த டிரைவர் பொருந்தும் என்றும் எழுதிக் கொடுத்துவிடும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் போதும். அது தெரியாமல் போன எனக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

என் அறிக்கையில் சி-எக்ஸ்-டி என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. கோனெக்சன்ட் சில்லு என்று பொருள். சிலிக்கான் லேப்ஸைக் குறிக்கும் எஸ்-ஐ-எல் என்ற எழுத்துகளாக இருந்திருந்தால் எனக்குப் பெரிய தொல்லை இருந்திருக்காது. கெர்னலிலேயே உள்ள ஆல்சா ஒலி டிரைவரின் மோடம் பகுதியையும், எஸ்எல்மோடம்-டி என்ற நிரலையும் சேர்த்து, நாடு இந்தியா என்று குறிப்பிட்டு ஓட்டிவிட்டால் வேலை முடிந்திருக்கும். லூசென்ட் அல்லது அகீர் சில்லு உள்ள பழைய மடிக்கணினிகளுக்கும் தனி டிரைவர்கள் உண்டு. என்னுடைய சில்லுக்கும் டிரைவர் இருந்தது. ஆனால் அப்போது இலவசமாகக் கிடைத்தது 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றுவிடும்; முழு 56 கிலோபிட் வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், எழுதியவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் டாலரில் பணம் கட்டுவதற்கு என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. மேலும் அந்த உரிமத்தோடு வருகிற டிரைவரின் ஒரு பகுதி மூடிய பெட்டி. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். பதினேழு நாள் பட்ட பாட்டை ஆண்டுக்கு இரண்டு முறை பட எனக்குத் தெம்பு இல்லை.

இருந்தாலும் இலவச டிரைவரைப் போட்டு மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். 14.4 கிலோபிட் என்பதைக் கணக்குப் போட்டால் விநாடிக்கு 1,800 பைட்; நடைமுறையில் இன்னும் குறைவு. ஒரு மெகாபைட் இறங்கப் பத்து நிமிடம். எனக்கு வருகிற ஸ்கேன் செய்த கோப்பு மூன்று மெகாபைட் என்றால் அரை மணி நேரம், அதுவும் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால். அதுவரை வீட்டுத் தொலைபேசி எங்கேஜ்டு. மும்பையிலிருந்து மகன் பேசுவான் என்று காத்திருக்கிற மாமியார், கூடத்திலிருந்து, “ஏட்டி, அந்தப் போனுக்கு என்ன கேடு? பொழுதன்னைக்கும் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கு!” என்பார். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் பக்க அறையில் இருந்த இணை ரிசீவரை எடுத்து “அலோ” என்று அதட்டினார். 84 சதவீதம் இறங்கியிருந்த கோப்பு அறுந்து போயிற்று. அது மாலை ஆறு மணிக்குள் பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டிய வேலை. ஏழு மணிக்கு நான் ஒப்புதல் சொன்னபோது வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. அந்தக் கையேட்டுக்கு 4,000 ரூபாய் கிடைத்திருக்கும். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. கோபம் மாமியார் மேல் இல்லை. இரண்டு மாதமாக எதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்று என் மேலேயே ஒரு வெறுப்பு. விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியதை மறைக்கப் போவதில்லை. என் உரிமக் குறுந்தகடு கீறல் விழுந்து படிக்க மறுத்தது என்பதே நான் லினக்ஸில் நிலைத்ததற்கு உண்மையான காரணம்.

அப்போதுதான் உள்மோடத்தை மறந்துவிட்டுத் தனி மோடம் வாங்குவது என்று முடிவு செய்தேன். மடிக்கணினியின் பக்கவாட்டில் பிசிஎம்சிஐஏ அட்டை செருகும் துளை இருந்தது. அதற்கான மோடம் அட்டைகள் இரண்டு வகைப்படும் என்பதை முன்கூட்டியே படித்துவிட்டேன், இம்முறை ஏமாறக் கூடாது என்ற வைராக்கியத்தோடு. 16 பிட் அட்டை பெரும்பாலும் முழுமையான மோடம். சீரியல் என்ற பழைய வகை இணைப்புக்காகக் கெர்னலில் உள்ள டிரைவரே அதை அடையாளம் கண்டுகொள்ளும். 32 பிட் கார்டுபஸ் அட்டையில் பெரும்பாலும் வின்மோடம்தான் இருக்கும். இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம்: கார்டுபஸ் அட்டையில், துளைக்குள் போகும் முனைக்கு அருகே, சிறு சிறு புடைப்புகள் கொண்ட ஒரு பொன்னிறப் பட்டை ஓடும், 16 பிட் அட்டையில் அந்தப் பட்டை இருக்காது. சென்னைக்குப் போன உறவினர் ஒருவரிடம் இதைப் படம் வரைந்தே கொடுத்து, ரிச்சி தெருவில் பொன்னிறப் பட்டை இல்லாத பழைய அட்டை ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். அவரும் வரைந்தபடியே 1,100 ரூபாய்க்கு வாங்கி வந்தார். செருகியதும் கணினி அதை சீரியல் சாதனம் என்று சரியாகக் கண்டுகொண்டது. மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் மினிகாம் என்ற நிரலைத் திறந்து ஏடி என்று தட்டினால் ஓகே என்று பதில் வந்தது. எனக்குக் கை நடுங்கியது. தொலைபேசிக் கம்பியை எடுத்து அட்டையில் செருகப் போனேன். செருகுவதற்கு அதில் துளையே இல்லை.

அட்டையின் தடிமன் ஐந்து மில்லிமீட்டர். தொலைபேசிச் செருகி அதைவிடப் பெரியது. எனவே இத்தகைய அட்டைகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் தட்டையான முனையும் மறுபக்கம் தொலைபேசித் துளையும் கொண்ட குட்டைக் கம்பி ஒன்று தனியாக வரும். டாங்கிள் என்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் முனை வேறு வேறு வடிவம். ஒன்றுக்கு உள்ளது மற்றொன்றுக்குப் பொருந்தாது. பழைய அட்டைகளின் முதல் உடைமையாளர்கள் முதலில் தொலைப்பது இந்த வாலைத்தான். சென்னையில் தேடிப் பார்த்தும் என் அட்டையின் வால் கிடைக்கவில்லை. பொன்னிறப் பட்டையைப் பற்றி இவ்வளவு படித்த நான் இந்த வாலைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் பிசிஎம்சிஐஏ மோடம் வாங்குகிறவர்கள் டாங்கிளைக் கையில் கண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அல்லது, தொலைபேசித் துளை அட்டையிலிருந்தே தட்டாக வெளியே நீண்டு வருகிற எக்ஸ்ஜாக் வகை அட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்த தவறு திருநெல்வேலியில். செப்டம்பர் முதல் வாரத்தில் மீட்டர் கேஜ் ரயிலில் ஜங்ஷனுக்குப் போய், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் யுஎஸ்பி மோடம் கேட்டேன். கடைப்பையன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தான். லினக்ஸில் ஓடுமா என்றேன். “அக்கா, இது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடும். யுஎஸ்பி தான? வேணும்னா வீட்டுல சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்றான். அந்தக் கடைசி வாக்கியம் சுள்ளென்று குத்தியது. சாரிடம் கேட்க வேண்டிய தேவை எனக்கில்லை என்பதைக் காட்டுவதற்காகவே 850 ரூபாயை எடுத்து வைத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். ரோஷத்தில் வாங்குகிற பொருள் எதுவும் உருப்பட்டதில்லை. வீட்டில் பெட்டியை நிதானமாகத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது: விண்டோஸ் மட்டும், குறைந்தது பென்டியம் 233 எம்எம்எக்ஸ் செயலி வேண்டும். தொலைபேசியில் எண்களைச் சுழற்றுகிற ஒரு கருவிக்கு என் கணினியில் இன்ன செயலி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? என் செயலியைத்தான் அது வேலை வாங்கப் போகிறது என்பதன் ஒப்புதல் வாக்குமூலம் அது. டாஸில் ஓடும், மேக்கில் ஓடும் என்று எழுதியிருக்கிற மோடத்தை நம்பலாம். செயலியின் வேகத்தை நிபந்தனையாக எழுதியிருக்கிற மோடத்தைத் தொடவே கூடாது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பொருளில் குறை இல்லை என்றார், அவர் சொன்னதும் சரிதான்.

யுஎஸ்பி மோடம்கள் எல்லாமே இப்படிப்பட்டவை என்று எண்ண வேண்டாம். சிடிசி-ஏசிஎம் என்ற பொது வரையறைக்கு ஏற்பச் செய்யப்பட்டவை லினக்ஸில் டிரைவர் எதுவும் தேடாமலே ஓடும். செருகியவுடன் கணினி அவற்றுக்கு டிடிஒய்-ஏசிஎம்0 என்ற பெயரைத் தானாகவே கொடுத்துவிடும். மடிக்கணினியைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே செருகி, கெர்னல் பதிவில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூட்ட நெரிசலில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகச் சோம்பல்பட்டதற்கு நான் கொடுத்த விலை அந்த 850 ரூபாய்.

பிறகு அண்ணன் மகன் ஒரு நாள் தொலைபேசியில், “அத்தை, பழைய காலத்து டப்பா மோடம் ஒண்ணு கெடைக்குதான்னு பாருங்க, விளக்கு வரிசையா எரியுமே, அது” என்றான். சீரியல் போர்ட்டில் செருகுகிற வெளி மோடத்தைச் சொன்னான். அதில் செயலியைக் கடன் வாங்க வழியே கிடையாது. ஒன்பது ஊசி சீரியல் கம்பி வழியாக எழுத்துகள் மட்டுமே போய்வர முடியும் என்பதால், மூளை முழுவதும் பெட்டிக்குள்ளேதான் இருந்தாக வேண்டும். எனக்கு இருந்த ஒரே தடை, என் மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை என்பது. அதற்கு யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றுகிற கம்பி உண்டு. பிஎல்2303 அல்லது எஃப்டிடிஐ சில்லு உள்ள கம்பியாக இருந்தால் அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

இம்முறை மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டே போனேன். ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அப்பால் ஒரு சந்தில் பழைய கணினிச் சாமான் விற்கிற பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடை என்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம். மானிட்டர்களும் கீபோர்டுகளும் விறகு போல அடுக்கியிருந்தன. “அண்ணாச்சி, சீரியல் மோடம் இருக்கா?” என்றேன். “இப்ப யாரும்மா அதைக் கேக்கா?” என்று சிரித்துக்கொண்டே, அடியிலிருந்து சிலேடு அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை உருவி, வேட்டி முனையால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். 700 ரூபாய். மாற்றுக் கம்பியை அவரே பக்கத்துக் கடையிலிருந்து 450 ரூபாய்க்கு வரவழைத்தார். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கம்பியைச் செருகினேன். டிடிஒய்-யுஎஸ்பி0 என்று கெர்னல் பதிவில் ஒரு வரி விழுந்தது. மினிகாமில் ஏடி என்று தட்டினேன். ஓகே. அண்ணாச்சியின் தொலைபேசிக் கம்பியைச் சற்று நேரம் கடன் வாங்கி, என் வீட்டு எண்ணையே டயல் செய்யச் சொன்னேன். பெட்டியின் முகப்பில் ஓஎச் என்ற சிவப்பு விளக்கு எரிந்து, உள்ளிருந்து கிர்ரென்று எண்கள் சுழலும் ஒலி வந்து, மறுமுனையில் மணி அடித்து, “யாரு? யாரு பேசுதா?” என்று மாமியாரின் குரல் சின்ன ஒலிபெருக்கி வழியாக அந்தச் சந்து முழுவதும் கேட்டது. அண்ணாச்சியே கைதட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு இரவு கெட்டது. அவற்றில் மோடத்தின் குற்றம் எதுவும் இல்லை. முதலாவது, டபிள்யூவிடயல் என்ற டயல் செய்யும் நிரலை ஓட்டினால் டயல் டோன் இல்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் தெளிவாகக் கேட்கிறது. நம் நாட்டு டயல் டோனும் அமெரிக்க டோனும் வேறு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த மோடம் நம்முடையதை டோன் என்றே ஏற்காமல் போகலாம். அமைப்புக் கோப்பில் ஏடிஎக்ஸ்3 என்று ஒரு கட்டளையைச் சேர்த்தால், டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்துவிடும். அண்ணாச்சி கடையில் டோனை ஏற்றுக்கொண்ட பெட்டி எங்கள் ஊரில் ஏன் அடம்பிடித்தது என்றால், எங்கள் வீட்டுக் கம்பியில் ஒலி சற்று மங்கல் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இரண்டாவது, மோடத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லை என்று வந்தது. என் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்த பிறகு சரியாயிற்று. மூன்றாவதுதான் என்னை அழ வைத்தது. இணைப்பு 44,000 என்ற வேகத்தில் கிடைத்துவிட்டது, ஐபி முகவரியும் வந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பதிவேட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, இணையத்துக்குப் போக ஏற்கெனவே குறித்து வைத்த இயல்பு வழியை மாற்றவில்லை என்று, டயல் இணைப்பை நடத்துகிற பிபிபி நிரல் சொல்லியிருந்தது தெரிந்தது. அண்ணன் மகன் வலையமைப்புக் கம்பி செருகும் ஈதர்நெட் துளைக்கு ஒரு நிலையான முகவரியும், வெளியே போகும் வாசலான கேட்வேயும் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் கணினி மொத்தப் போக்குவரத்தையும் கம்பியே செருகாத அந்தத் துளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வழியை நீக்கியதும் மின்னஞ்சல் பெட்டி திறந்தது. மூன்று மெகாபைட் கோப்பு பத்து நிமிடத்தில் இறங்கியது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். பயன்படாத இரண்டு மோடம்களுக்கு 1,950 ரூபாய். பிரவுசிங் சென்டருக்கு ஏறக்குறைய 1,000. ரயில், பஸ், காப்பி 400. கைநழுவிய வேலைகள் இரண்டு: ஒன்று 4,000, மற்றொன்று 2,500. மொத்தம் 9,850 ரூபாய். கடைசியில் வேலையை முடித்த பெட்டியும் கம்பியும் சேர்ந்து 1,150. உள்மோடத்துக்கு டிரைவர் தேடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன்மோடம் அறிக்கையைப் பார்த்து ஒரு வார இறுதியை அதற்குக் கொடுக்கலாம். திங்கட்கிழமை காலையிலும் ஓடவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். பயணம் செய்கிறவர்களுக்கு டாங்கிளோடு கூடிய 16 பிட் அட்டை அழகானது; என்னைப் போல ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு டப்பா மோடத்தை விஞ்சியது இல்லை.

ஐப்பசி பிறந்ததும் அந்த டப்பாவுக்கும் நேரம் வந்தது. பொதிகை மலைப் பக்கம் பிற்பகலில் கறுத்துக்கொண்டு வந்தால் எங்கள் ஊரில் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதை அள்ள ஓடினேன், கம்பியை மறந்தேன். இடி விழுந்த ஓசையில் மாமியார் அர்ச்சுனன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூடத்தில் கருகிய வாடை. பெட்டியின் ஓஎச் விளக்கு அணையாமல் எரிந்தபடியே நின்றது. அதன் பிறகு அது எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லவில்லை. மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்மோடத்தில் கம்பியைச் செருகி வைத்திருந்தால் தாய்ப்பலகையே போயிருக்கக் கூடும் என்று அண்ணாச்சி சொன்னார். மூன்று நாள் கழித்து அவரிடமே 300 ரூபாய்க்கு வேறொரு பெட்டி வாங்கினேன். வேறு நிறுவனம், வேறு வடிவம், விளக்குகள்கூட வேறு நிறம். வீட்டில் செருகி, பழைய அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் டயல் செய்தேன். முதல் முயற்சியிலேயே இணைந்தது.